கிளமென்டைன் என்ன ஆனாள்?

'தொடரும்' என்ற சொல்லின் கொடுமையைத் தொடர்கதை நேயர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கதாநாயகி கிணற்றடியில் தனியாக நிற்பாள். பின்னால் காலடி ஓசை கேட்கும். சரியாக அந்த இடத்தில் ஆசிரியர் 'தொடரும்' போட்டுவிடுவார். அடுத்த இதழ் வருகிற வரையில் நமக்குத் தூக்கம் ஏது?

இதே வித்தையை வீடியோ விளையாட்டில் செய்து காட்டியது, கலிபோர்னியாவில் ஸான் ரபேல் என்ற ஊரில் இருந்த டெல்டேல் கம்பெனி. அவர்களுடைய 'தி வாக்கிங் டெட்' 2012 ஏப்ரலில் ஆரம்பித்து, நவம்பரில் ஐந்தாம் அத்தியாயத்தோடு முடிந்தது.

வீடியோ விளையாட்டென்றால் டுமீல் டுமீலென்று சுடுவதுதானே என்பீர்கள். இதில் சுடுவது கொஞ்சம், பேச்சுத்தான் அதிகம். செத்தவர்கள் எழுந்து நடமாடி, உயிரோடிருப்பவர்களைக் கடித்துத் தின்கிற காலம். லீ எவரெட் சரித்திரப் பேராசிரியர். ஆனால் கொலைக் குற்றவாளி. போலீஸ் காரில் சிறைக்குப் போகும் வழியில் கார் விபத்துக்குள்ளாகிறது. தப்பித்து அவர் நுழைகிற வீட்டில், மரத்தின்மேல் கட்டிய சின்னக் குடிசையில் ஒளிந்திருக்கிறாள் எட்டு வயதுக் கிளமென்டைன். ஸவானா நகருக்குப் போன பெற்றோர் திரும்பவில்லை.

இனி லீ யார் என்கிறீர்கள்? சாக்ஷாத் நீங்கள்தான்! கையிலிருப்பது நான்கே துண்டு உணவு. பசித்த வாய்களோ அதைவிட அதிகம். யாருக்குக் கொடுப்பீர்கள்? யாராவது கேள்வி கேட்டால் சில விநாடிகளுக்குள் பதில் சொல்லியாகவேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மௌனமே பதில். பொய் சொன்னாலோ, கிளமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள் என்று திரையில் ஒரு வரி வரும். வயிற்றைக் கலக்கும்!

உண்மையைச் சொன்னால், நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதையின் போக்கு அவ்வளவாக மாறுவதில்லை. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதல்லவா அங்கே விஷயம்!

வருஷங்கள் ஓடின. 2018 ஆகஸ்டில் கடைசித் தொடர் ஆரம்பமாயிற்று. கிளமென்டைன் இப்போது வளர்ந்த பெண், ஏ.ஜே. என்ற சிறுவனை அவள் வளர்க்கிறாள். மொத்தம் நான்கு அத்தியாயங்கள். பலர் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

செப்டம்பர் 21-ம் தேதி இடி விழுந்தது. டெல்டேல் சுமார் 250 சிப்பந்திகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வேலை போகிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஈட்டுத் தொகைகூட இல்லை. நாலைந்து நாளில் இரண்டாம் அத்தியாயம் வெளிவந்தது. அதோடு சரி. மீதிக் கதை எங்கே என்று ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். கதை கிடக்கட்டும், முதலில் அந்த ஜனங்களுக்கு வழி சொல்லுங்கள் என்றவர்களும் உண்டு. படம் போட்டவர்களும் வசனம் எழுதியவர்களும் தெருவில் நிற்கும்போது அத்தியாயம் எங்கிருந்து வரும்?

கடைசியில் கைகொடுத்தது ஸ்கைபௌண்ட் கம்பெனி. மூலச் சித்திரக்கதையை எழுதிய ராபர்ட் கிர்க்மனுடைய ஸ்தாபனம் அது. பழைய கோஷ்டியில் சிலரைத் திரும்ப அழைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். முன்பணம் கட்டியவர்கள் மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் அத்தியாயம் 2019 ஜனவரியிலும், கடைசி அத்தியாயம் மார்ச்சிலும் வந்தன. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அழைப்பு வரவில்லை.

கிளமென்டைன் என்ன ஆனாளா? அதை நான் சொல்லிவிட்டால், இனிமேல் விளையாட உத்தேசித்திருக்கும் நேயர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்!