மூக்கு வழியே உப்பு

நடுக்கடலில் திரியும் பறவைக்குக் குடிதண்ணீர் ஏது என்று ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். கடலைப் பார்க்கவே மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஊர்க்காரர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

போன ஜனவரியில் தூத்துக்குடிக் கடலில் வள்ளத்தில் போனேன். கூடவே பழுப்புத்தலைக் கடற்காகங்கள். ஒன்று அணியத்தில் வந்து உட்கார்ந்தது. அலகு நுனியில் ஒரு சொட்டு திரண்டது. தலையைச் சிலுப்பி உதறியது. மறுபடியும் ஒரு சொட்டு. "சளி பிடிச்சிருக்கு அண்ணாச்சி" என்றார் வள்ளக்காரர்.

சளி இல்லை, உப்புநீர். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். அவ்வளவு உப்பை நம் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. குடித்தால் தாகம் கூடும். கடற்காகத்துக்குக் கண்ணுக்கு மேலே இரண்டு சுரப்பிகள் உண்டு. அவை சுமார் 5 சதவீத உப்புநீரை மூக்கு வழியே வடிக்கும். உடலியல் ஆய்வாளர் க்னூட் ஷ்மிட்-நீல்சன் 1950களின் கடைசியில் ஒரு கடற்காகத்துக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு கடல்நீரைப் புகட்டிப் பார்த்தார். 60 கிலோ ஆளுக்கு 6 லிட்டர் கொடுத்த மாதிரி. மூன்று மணி நேரத்தில் உப்பில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது.

சுரப்பிக்குள் ரத்தம் ஒரு திசையில் ஓட, உப்புநீர் எதிர்த்திசையில் ஓடும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனான எனக்குப் பால் குளிரூட்டும் இயந்திரம்தான் ஞாபகம் வருகிறது. தகட்டுக்கு இந்தப் பக்கம் பால் போகும், அந்தப் பக்கம் ஐஸ் தண்ணீர் எதிரே வரும். ஒரே திசையில் விட்டால் பால் அவ்வளவு குளிராது.

இன்னொரு விசேஷம்: உப்பைத் தின்னத் தின்ன இந்தச் சுரப்பி பெருக்கும்; நல்ல தண்ணீருக்குப் போனால் சுருங்கும். லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் நம் கடலுக்கு வருகிற பறவைக்கு எவ்வளவு தோதான ஏற்பாடு! அந்தப் பறவைக்குத்தான் படகில் வருகிறவர்கள் சாத்தூர்க் காராச்சேவை வீசுகிறார்கள். உப்பைச் சமாளித்துவிடும், எண்ணெய்க்கும், கூடவே பறக்கிற பாலிதீன் பைக்கும் அதனிடம் சுரப்பி கிடையாது.

ஊர் திரும்பியதும் கண்மாய்க்குப் போனேன். குச்சிகளில் மீசை ஆலாக்கள். அவற்றுக்கும் இந்தச் சுரப்பி உண்டு. அரைமணி நேரம் பார்த்தும் எந்த அலகிலும் சொட்டு இல்லை. நல்ல தண்ணீர், சுரப்பிக்கு வேலையில்லை. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கரையில் கோழிக்கழிவு மூட்டைகள்.