பூஞ்சணம் பிடித்த ஆவணம்: மூலத்தைப் பூட்டலாம், தகவலைப் பூட்டக்கூடாது

தோட்டத்தை விட்டு வெளியேறியபோது தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பிறப்புப் பத்திரம், செக்ரோல் புத்தகம், ஆலயக் கணக்கு. பல ஆண்டுகள் கழித்துத் திறந்தால் தாளெல்லாம் கறுப்புப் புள்ளி. திகாம் பத்து, சுங்கைப்பட்டாணி வட்டாரக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. குடியுரிமை விண்ணப்பத்துக்கு அந்த ஒரு தாளே சான்றாக இருக்கலாம்.

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சணம் வளரத் தொடங்கும். நம் நாட்டில் அது பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மழையிலோ வெள்ளத்திலோ நனைந்த தாளில் 48 மணி நேரத்திலேயே முளைத்துவிடும்.

இத்தகைய ஆவணத்தை ஆவணக் காப்பகங்கள் உடனே பொதுமக்களிடம் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. பூஞ்சணத் தூள் ஆஸ்துமா உள்ளவர்களைப் பாதிக்கும், பக்கத்துக் கோப்புகளுக்கும் பரவும். நைந்த தாள் விரல் பட்டாலே கிழியும். எனவே அதை முதலில் தனியறைக்கு மாற்றுகிறார்கள். ஈரம் வற்றிப் பூஞ்சணம் பொடியான பிறகே மென்தூரிகையாலும், நுண்துகளை வெளியே விடாத தூசி உறிஞ்சியாலும் அகற்றுகிறார்கள். பிறகு படமெடுத்து, வாசகருக்கு நகலைத் தருகிறார்கள். மூலத்தையே பார்க்க வேண்டியவர் முன்பதிவு செய்து, முகக்கவசம், கையுறையுடன் ஊழியர் முன்னிலையில் பார்க்கலாம்.

சென்னையில் 1994-இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அரிய தமிழ் நூல்களை நுண்படச் சுருளில் பதிவு செய்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூல நூல் ஓய்வெடுக்கும். அதிலுள்ள செய்தி வாசகரிடம் போகும்.

இதில் முக்கியமானது பட்டியல். சிகிச்சையில் இருக்கும் ஆவணத்தின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால், தேடி வந்த பேரப்பிள்ளை அப்படியொரு பதிவே இல்லை என்று திரும்பிவிடுவார். அதனால், “இல்லை” என்ற பதில் கிடைத்தால், “பழுதுபார்ப்பில் உள்ளதா, நகல் உண்டா?” என்றும் கேட்பது நல்லது. 1957-இல் தொடங்கப்பட்ட நம் தேசிய ஆவணக் காப்பகத்திற்கு அலோர்ஸ்டாரிலும் கிளை உண்டு.

வீட்டில் உள்ள தாள்களுக்கும் இதே வழிதான். முகக்கவசம் அணிந்து, முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். வெயிலில் போட வேண்டாம். லேமினேட் செய்யவே வேண்டாம். நிழலில் உலர்த்தி, காகித உறையில் தனியாக வையுங்கள். கறை படிந்தது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். எழுத்து தெரியும்வரை அது சான்றுதான்.