மூன்றாவது காயிலும் எரிந்தபோது

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் கால் நனைத்து, காவேரிக்கு ஒரு விளக்கேற்றிவிட்டு என் தாயார் மெல்லப் படியேறி வரும்வரையில், வெளியே தெருவோரம் நிறுத்திய காரில் அமர்ந்து, 1939ஆம் ஆண்டு முதல் இவ்வட்டாரத்துக்குச் சங்கீதம் வழங்கிவரும் திருச்சி வானொலியின் சாயங்காலக் கச்சேரியைக் கேட்பது, பல மாதங்களாக எனக்கு ஒரு நித்திய அனுஷ்டானம் போலவே ஆகிவிட்டிருந்தது. நிர்தோஷமாகத் தோன்றிய அந்தப் பழக்கந்தான் என் வண்டியின் பிராணனைக் கொஞ்சங்கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தது என்று தெரியவர, ஒரு வருஷ காலமும் மூன்று இக்னிஷன் காயில்களும் செலவாயின.

வண்டி, என் தகப்பனார் 1978இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 3. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழித்தோன்றலாகக் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் பிறந்து, 2014 வரையில் அங்கேயே உற்பத்தியாகி, இத்தேசத்தின் வீதிகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் அரசோச்சிய அந்த வம்சத்தைச் சேர்ந்தது. அதன் காயில் பன்னெடுங்காலம் பழுதின்றி உழைத்தது. ஒரு நாள் காவேரிப் பாலத்தின் நடுவில் எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றது; அரை மணி நேரம் ஆறவிட்டதும் ஒன்றும் நடவாதது போல ஓடியது; மறுவாரம் ஒரேயடியாக ஓய்ந்தது. புதிய காயில் நான்கு மாதத்தில் போயிற்று. அதற்கடுத்தது ஒரே மாதத்தில் கழுத்து வழியே எண்ணெய் கசிந்து, தார் கருகும் நாற்றத்துடன் உயிர்விட்டது.

காயில் என்று நாம் சொல்லும் அந்தச் சிறு உருளைத் தகரக் குப்பிக்குள் நடப்பது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். பாட்டரியிடம் இருப்பதோ 12 வோல்ட்டு. பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே அழுத்தமேறிய பெட்ரோல் ஆவியைத் தாண்டிப் பொறி பாய வேண்டுமானால் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேலும் தேவைப்படும். இந்தப் பள்ளத்தைக் கடக்க வழி காட்டியது, மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்தூண்டல் தத்துவம். 1836இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் நிக்கலஸ் காலன் என்ற பாதிரியார், தடித்த கம்பிச் சுருளின் மேல் மெல்லிய கம்பியைப் பன்மடங்கு சுற்றி, முன்னதில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் பின்னதில் மிக உயர்ந்த அழுத்தம் எழுவதைச் செய்து காட்டினார். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டி அதனை மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி அமைத்தார். நம் நாட்டில் 1961இல் தொடங்கிய லூக்காஸ் டிவிஎஸ் நிறுவனம், சென்னைப் பாடியில் இவ்வகை மின்சாதனங்களைச் செய்யலாயிற்று.

இரும்புத் தகடுகளாலான ஒரு தண்டு. அதன்மேல் ஏறக்குறைய இருபதாயிரம் சுற்றாக, நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வரக்கூடிய, தலைமயிர் போன்ற செம்புக் கம்பி. அதற்கும் வெளியே சில நூறு சுற்றுத் தடித்த கம்பி. இடைவெளி முழுவதும் எண்ணெய். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் தொடுமுனை மூடியிருக்கும்போது தடித்த சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப் புலம் எழுகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அப்புலம் சரிந்து, மெல்லிய சுருளில் உயர் அழுத்தம் பிறந்து, பொறியாக வெளிப்படுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுழலுமானால், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இந்தக் காரியம் விநாடிக்கு நூறு தடவை நடந்தாக வேண்டும். அப்படியிருந்தும் இவ்வளவு உழைப்பால் காயில் சாகிறதில்லை. அதனைக் கொல்வது உஷ்ணம். கம்பியின் மேல் பூசிய மெல்லிய இனாமல் வெந்து உதிர்ந்தால் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்கிறது. சூடேறியபோது நின்று, ஆறியபின் ஓடிய என் வண்டியின் லட்சணம் இந்த வியாதியின் ஆரம்பக் குறியேயாகும்.

பாலக்கரைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோய், நான்காவது காயிலையும் கையோடு வாங்கி வந்திருப்பதைச் சொன்னேன். அவர் அதை வாங்கிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டார்.

"இதை இப்ப மாட்ட வேண்டாம் சாமி. செத்த காயிலைக் கேட்டா ஒண்ணும் சொல்லாது. கூட இருக்கிறதை எல்லாம் கேக்கணும்" என்றார்.

அவர் கேட்ட முறையைக் கண்டபோது, ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஒரு காலத்தில் பண்டிதர்கள் மாணாக்கருக்குச் சொல்லிக்கொடுத்த தர்க்க சாஸ்திரத்தின் இரண்டு பதங்கள் என் நினைவில் எழுந்தன: அன்வயம், வியதிரேகம். காரணம் உள்ள இடத்தில் காரியம் இருக்கிறதா, காரணத்தை நீக்கிய இடத்தில் காரியமும் நீங்குகிறதா என்று இரு பக்கமும் சோதித்துப் பார்த்தாலன்றி, ஒன்றை மற்றொன்றின் காரணம் என்று துணிந்துரைக்கலாகாது என்பது அவற்றின் உட்பொருள்.

முதலில் எஞ்சினை ஓடவைத்து, பாட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார், 14.2 வோல்ட்டு. ரெகுலேட்டர் பழுதுபட்டு அது 15ஐத் தாண்டியிருந்தால், அந்த மிகை அழுத்தமே காயிலைச் சுட்டிருக்கும். ஆகையால் அந்தச் சந்தேகம் நீங்கிற்று. பிறகு பிளக்குகளைக் கழற்றி இடைவெளியை அளந்தார். தேய்ந்து அகன்ற பிளக்கும் அறுந்த பிளக் ஒயரும் உண்டாக்கும் தீங்கு பலர் அறியாதது: வெளியே பாய வழியில்லாத பொறி, அழுத்தம் ஏறி ஏறி, முடிவில் காயிலுக்குள்ளேயே எண்ணெயையும் கம்பி அடுக்குகளுக்கு இடையிலுள்ள காகிதத்தையும் துளைத்து ஒரு கரிப் பாதை வகுத்துக்கொள்ளும், அப்பாதை ஒரு முறை விழுந்துவிட்டால் பின்பு மின்சாரம் அதை விடுவதேயில்லை. என் பிளக்குகள் சரியாகவே இருந்தன. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையேயுள்ள எர்த்துப் பட்டையும் இறுக்கமாக இருந்தது. ஆனால் பாயிண்ட்டின் முகங்கள் நீலம் பாய்ந்து கருகிக் கிடந்தன.

அதைக் கண்டதும், மூன்றாவது காயிலை எடுத்து அதன் இரு சிறு முனைகளிலும் மீட்டரின் குச்சிகளை வைத்தார். 1.5 ஓம் காட்டிற்று. மாடத்தில் கிடந்த, இதே வகை வண்டியின் பழைய காயில் ஒன்றை அளந்தார், 3 ஓம். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 3 ஓம் காயிலில் 12 வோல்ட்டு செலுத்தினால் 4 ஆம்பியர் ஓடி 48 வாட் உஷ்ணம் பிறக்கும்; 1.5 ஓம் என்றால் 8 ஆம்பியர், 96 வாட். பின்னது வேறொரு வகை வண்டிக்கானது. செல்ஃப் சுழலும்போது பாட்டரியின் அழுத்தம் தாழ்ந்துவிடுமாதலால், அந்த வேளையில் காயிலுக்கு நேராகவும், ஓடத் தொடங்கியபின் பாலஸ்ட் என்னும் தடையின் வழியாகவும் மின்சாரம் தருவது அவ்வகை வண்டிகளின் ஏற்பாடு. பாலஸ்ட் இல்லாத என் வண்டியில், "இது பவர் அதிகம்" என்று ஒரு கடையில் கொடுத்ததை நம்பி மாட்டியது, பத்தியத்துக்குரிய தேகத்துக்கு இரட்டை ஆகாரம் ஊட்டியதற்கு ஒப்பாயிற்று. கருகிய பாயிண்ட்டும் அந்த எட்டு ஆம்பியரின் வேலைதான்.

மூன்றாவது காயிலின் மரணத்துக்கு ஹேது கிடைத்துவிட்டது. முதல் இரண்டும் சரியான வகையாயிற்றே?

"இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வண்டியில புதுசா என்ன செஞ்சீங்க?" என்றார்.

ரேடியோ ஒன்று பொருத்தியதைச் சொன்னேன். டாஷ்போர்டின் அடியில் தலையை நுழைத்துச் சிவப்பு ஒயர் ஒன்றைத் தொடர்ந்து போன அவருடைய விரல், சாவித் துவாரத்தின் பின்னால், காயிலுக்குச் செல்லும் அதே முனையில் போய் நின்றது. ரேடியோ பாட வேண்டுமானால் சாவி திருகியிருக்க வேண்டும். சாவி திருகியிருந்து எஞ்சின் ஓடாதபோது பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருக்குமானால், காயிலில் மின்னோட்டம் ஒரு கணமும் அறுபடாமல், பொறியாகச் செலவாகவும் வழியின்றி, 48 வாட்டும் உஷ்ணமாகவே உள்ளே தங்கும். அரை மணி நேரக் கச்சேரி என்பது, மூடிய தகரக் குப்பிக்குள் ஒரு மின்விளக்கை அரை மணி எரியவிட்டதற்குச் சமானம்.

அப்படியானால் முதல் நாளே ஏன் எரியவில்லை என்ற என் ஐயத்துக்கும் விடை அந்த இயந்திரத்திலேயே இருந்தது. இந்த வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒவ்வொரு 90 பாகைச் சுழற்சியிலும் பாயிண்ட் ஏறக்குறைய 60 பாகை மூடியிருக்கும். ஆகவே எஞ்சினை நிறுத்தும்போது அது மூடிய நிலையில் நிற்க மூன்றுக்கு இரண்டு பங்கு வாய்ப்பு. திறந்து நிற்க ஒரு பங்கு வாய்ப்பு. திறந்து நின்ற சாயங்காலங்களில் காயில் தப்பியது. மூடி நின்ற சாயங்காலங்களில் சிறிது சிறிதாக வெந்தது. மேலும் செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் நூற்றுக்கு 0.4 வீதம் உயர்வதால், சூடேறிய காயில் தன் மின்னோட்டத்தைத் தானே ஓரளவு குறைத்துக்கொள்ளும். அந்தக் கருணை இல்லாதிருந்தால் முதல் காயில் இன்னும் முன்னமே போயிருக்கும்.

ரேடியோவின் ஒயரை ஃபியூஸ் பெட்டியில் எப்போதும் மின்சாரம் நிற்கும் முனைக்கு மாற்றி, கருகிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் புதிதாக்கி, நான் கொண்டுபோன காயிலை அளந்து 3 ஓம் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அவர் அதை மாட்டினார். பிறகு பக்கத்தில் ஏறி அமர்ந்து, பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை வரையில் ஓட்டிவரச் சொன்னார். சித்திரை வெயில், வழியெல்லாம் நெரிசல். வண்டியை ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் தூக்கி, "கையை வெச்சுப் பாருங்க சாமி" என்றார். காயிலின் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஜுரம் கண்ட குழந்தையின் நெற்றியளவு சூடு இருந்தது. அதற்கு மேல் இல்லை. கையை எடுக்காமலே வெகு நேரம் நின்றேன்.