சின்ன வழக்கு வீட்டுக் கடனைத் தடுக்குமா?

சம்பளம் ஒழுங்காக வருகிறது, முன்பணம் சேர்ந்துவிட்டது, மனையும் பார்த்தாயிற்று. ஆனால் பழைய கைமாற்று விவகாரம் ஒன்று முன்சீப் கோர்ட்டில் கிடக்கிறது. ‘கேஸ் இருந்தால் பேங்க்கில் லோன் கிடைக்காது’ என்று பயந்து சிலர் விண்ணப்பமே போடுவதில்லை. சிலர் வழக்கை மறைத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. வழக்கு உள்ளவருக்கு வீட்டுக் கடன் தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த வழக்கு உங்கள் கடன் வரலாற்றைத் தொடுகிறதா, வருமானத்தைத் தொடுகிறதா, வாங்கும் சொத்தைத் தொடுகிறதா என்றுதான் வங்கி பார்க்கும்.

கடன் வரலாறு

அண்டை வீட்டாருடன் சுவர்த் தகராறு, வாடகை வழக்கு, நண்பரிடம் வாங்கிய கைமாற்று போன்றவை சிபில் அறிக்கையில் வருவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் தகவல்தான் அங்கே பதிவாகும். ஆகவே கிரெடிட் கார்டு பாக்கிக்காகவோ, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனுக்காகவோ ஒரு வங்கி வழக்குப் போட்டிருந்தால் அது அறிக்கையில் தெரியும். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிப் பேசி முடித்தால் ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். அடுத்து கடன் தருபவர் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை. முடிந்தால் முழுப் பாக்கியையும் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள்.

வருமானம்

ஜீவனாம்ச உத்தரவு இருந்தால், மாதாமாதம் கட்டும் தொகையைக் கழித்துத்தான் உங்களால் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்று வங்கி கணக்கிடும். செக் திரும்பிய வழக்கும் வருமானத்தைத் தொடலாம், அதை அற்பமாக நினைக்காதீர்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரு தரப்பும் சமரசமாகி முடித்துக்கொள்ளவும் அதே சட்டம் வழி தருகிறது.

சொத்து

மிகவும் கனமானது இதுதான். உங்கள் பேரில் ஒரு வழக்கும் இல்லாவிட்டாலும், விற்பவரின் தங்கை பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டிருந்தால் வங்கியின் வக்கீல் கடனை நிறுத்தச் சொல்லலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் நிலுவை வழக்கைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தும் வழக்கு ஒளிந்திருக்கலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். சொந்த வக்கீலிடம் மூலப்பத்திரத்திலிருந்து எல்லாப் பத்திரங்களையும் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

சம்மன் வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும், பிறகு ஜப்தி வரை போகும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் அவகாசம். சம்மன் முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ணுவார்கள்.

சிறு பணத் தகராறுக்கு மக்கள் நீதிமன்றம் நல்ல வழி. அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு இல்லை. நிலுவை வழக்காக இருந்தால், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முடிந்த வழக்கு இன்னும் நிலுவையாகத் தெரிந்தால் தீர்ப்பு நகலுடன் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்.

வங்கி கடனை மறுத்தால், காரணத்தை எழுத்துமூலம் கேளுங்கள். அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை எழுதி, வழக்குத் தாள்களையும் இணையுங்கள். சிறு வழக்குக்கு விளக்கம் சொன்னால் வங்கி கேட்டுக்கொள்ளும். மறைத்தது பிறகு தெரியவந்தால், அனுமதித்த கடனையே ரத்து செய்ய அதுவே காரணமாகிவிடும். எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உங்கள் கடன் அறிக்கையையும் அந்த மனையின் வழக்கு நிலையையும் பார்த்துவிடுங்கள்.