பெற்றாரைப் பேணலும் வருமான வரியும்

சென்ற விடுமுறையில் அமெரிக்காவினின்றும் ஊர் வந்த பழைய மாணவர் ஒருவர், "அம்மாவுக்கு வருமானம் இல்லையென்று ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், ஐயா, வரிச்சலுகை கேட்கவேண்டும்" என எம்மை வேண்டினார். மாதந்தவறாது வீட்டுக்குப் பணம் அனுப்பும் மைந்தர் அவர். ஆயினும், அக்கடிதத்தால் அவருக்குப் பயன் விளையாதென ஆராய்ந்தறிந்தோம். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர்க்கும் அது பயன்படுமாதலின், ஈண்டு விளக்க முற்பட்டோம்.

தங்கிவாழ்வோர் ஒருவரை ஏற்குமுன் வரிச்சட்டம் பொதுவாக மூன்று வினாக்களை எழுப்பும். அவர் எங்கே வதிகின்றார்? அவரது சொந்த வருமானம் எவ்வளவு? அவரைத் தாங்குபவர் யார்?

அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டுக்கு, தாயோ தந்தையோ ஒருவரின் வரிக்குரிய வருமானம் 5,200 டொலருக்குக் குறைந்திருத்தல் வேண்டும். அவர் செலவிற் பாதிக்கு மேல் பிள்ளை தாங்கியிருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் 500 டொலர் வரை வரி குறையும். ஆனால், பெற்றார் அந்நாட்டுக் குடிமக்களாகவோ அங்கு வதிவோராகவோ இருத்தல் இன்றியமையாதது. அவ்விரண்டுமின்றி வட்டுக்கோட்டையில் வாழும் அன்னையார்க்கு வருமானமே இல்லையெனினும், முதல் வினாவிலேயே கதவு அடைபடுகின்றது.

சிங்கப்பூரிலும் பெற்றார் அங்கேயே வாழ்தல் வேண்டும். அவர்தம் ஆண்டு வருமான எல்லை 4,000 சிங்கப்பூர் டொலராயிருந்து, 2025ஆம் வரிமதிப்பாண்டு முதல் 8,000 ஆக உயர்ந்தது. கனடாவிலோ, உடல் அல்லது உளத் தளர்ச்சியால் பிள்ளையைச் சார்ந்திருக்கும் பெற்றார்க்குச் சலுகை உண்டு. அவர்கள் அவ்வாண்டில் ஒருகாலாயினும் கனடாவில் வதிந்திருத்தல் வேண்டும். அவர்தம் வருமானம் ஏற ஏறச் சலுகை குறையும்.

இனி, நம் நாட்டு நிலை யாது? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றாரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமையென விதித்தது. வருமானவரிச் சட்டமோ அக்கடமைக்கெனத் தனிக்கழிவு எதனையும் தரவில்லை. தாய் வேறு, மகன் வேறாக ஒவ்வொருவர்க்கும் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா விடுபாடு உண்டு. ஆதலின், அன்னையார் பெயரில் வங்கியில் இட்ட பணத்தின் வட்டி அன்னையாரின் வருமானமாகவே கணிக்கப்படும். அவ்வட்டியிற் பத்து வீதம் வரியாகப் பிடிக்கப்படுகின்றது. மொத்த வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் வங்கிக்குப் பிரகடனம் கொடுத்து அதனைத் தவிர்க்கலாம். இதனையறியாது பணம் இழக்கும் முதியோர்க்கு, அப்படிவத்தை நிரப்பிக் கொடுத்தல் மாணவராலும் இயலும் தொண்டாகும்.

அன்று நாம் பெற்றாரில் தங்கி வாழ்ந்தபொழுது, அவர்கள் எந்தச் சலுகையையும் எதிர்பார்த்து நம்மைப் படிப்பித்தாரல்லர். கடிதம் கேட்டவரிடம் இதனைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் படிவத்தில் அம்மாவின் பெயர் வேண்டாம், ஐயா, பணம் வழமைபோல் வரும்" என்றார். அம்மைந்தரைப் படிப்பித்தமைக்காக நாம் பெரிதும் மகிழ்ந்தோம்.