கள்ளுக்கடைச் சண்டை வீடு வரை வருகிறது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கள்ளுக்கடையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தகரக் கூரை, நீண்ட பெஞ்சு, மாலை நேரக் கூச்சல். சம்பள நாளில் கூச்சல் இரட்டிப்பாகும். தோளில் கைபோட்டுக்கொண்டு இரண்டு பேர் உள்ளே போவார்கள்; ஒருவன் மண்டை உடைந்து வெளியே வருவான். காரணம் கேட்டால், "என்னை முறைச்சான்" என்று பதில் வரும்.

ஒரு பார்வைக்கு இவ்வளவு கோபமா? கள்ளின் குணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். தென்னம்பாளையிலிருந்து இறக்கும் இனிப்பு நீர் சில மணி நேரத்திலேயே நொதித்துப் போதை தரும். மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். ஆகவே அன்றே விற்க வேண்டும்; கடை மூடுவதற்குள் குடிக்க வேண்டும். வெறும் வயிறு, அவசரக் குடி, நெருக்கியடிக்கும் கூட்டம் மூன்றும் சேர்கின்றன. மது முதலில் மழுங்கடிப்பது நிதானத்தை. பின்விளைவு கண்ணுக்குத் தெரியாது. எதிரே நிற்பவனின் முகம் மட்டும் பெரிதாகத் தெரியும். தெரியாமல் பட்ட தோள்கூட வம்புக்கு இழுப்பதாகத் தோன்றும். பக்கத்தில் போத்தல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நம் முன்னோருக்கு இது தெரியாததல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்ற கோரிக்கையும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்தை ஒழிக்கக் கேட்டவர்களும் அவர்களே. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மடிந்தனர். 1947-இல் கெடா, பீடோங்கில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கிப் போலீசாரோடு மோத நேர்ந்தது. குடிப்பவன் கெட்டவன் என்று அவர்கள் பேசவில்லை. கூலியாகக் கொடுத்த காசைக் கள்ளாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை எதிர்த்தார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சாலாக் செலாத்தானோ கிள்ளானோ என்று பட்டணத்துக்கு வந்த பிறகு கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. கள்ளைவிடப் பல மடங்கு கடுமை. சின்னப் போத்தல், மலிவு விலை, மளிகைக் கடையிலேயே கிடைத்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தது. 2017 டிசம்பர் 1 முதல் இந்த வகை மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்கலாம் என்ற விதி வந்தது. மது வாங்கும் வயதும் 18-லிருந்து 21 ஆனது. நல்ல விதிதான். ஆனால் மூன்று பேர் காசு போட்டு ஒரு போத்தல் வாங்குவதை எந்த விதி தடுக்கும்?

மலிவைத் தேடிப் போனால் உயிரும் போகலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. இதற்குப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், குடித்தவர் சாதாரண மயக்கம் என்று படுத்துவிடுகிறார். பார்வை மங்கி, வயிறு வலித்து, மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, அடிதடியைக் குறைக்க முடியுமா? ஆஸ்திரேலியாவின் நியூகாசல் நகரில் 2008-இல் மதுக்கூடங்கள் மூடும் நேரத்தை விடியற்காலை 5 மணியிலிருந்து 3.30-க்குக் கொண்டு வந்தார்கள். இரவுத் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. குடிகாரர்களுக்குப் போதனை செய்து வந்த பலன் அல்ல இது. கடிகாரத்தின் முள்ளை நகர்த்தியதால் வந்தது.

ஆனால் கடையில் அடிக்க முடியாதவன் வீட்டில் வந்து அடிக்கிறான். அங்கே மூடும் நேரம் கிடையாது. நம் சகோதரிகள் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. 2017-இல் செய்த திருத்தத்தின்படி, சமூக நல அதிகாரியே 7 நாட்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். அதற்குப் போலீஸ் புகார் முன்கூட்டியே செய்திருக்க வேண்டியதில்லை. தாலியான் காசே எண் 15999. அதை அடுப்படிச் சுவரில், பிள்ளைகளும் பார்க்கும் உயரத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.