மனவடுவுக்கு ஏற்ற துணையைத் தேடி...

வட்டுவாகல் பாலத்தை நான் பல வருடங்களாகக் கடக்கவில்லை. 2009 மே மாதம், மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாலத்தால் வந்தவள் நான். காயப்பட்ட என் அம்மா முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள்ளேயே இருந்துவிட்டா.

மகள் முல்லைத்தீவில் உயர்தரம் படித்த காலத்தில் அவளது பரிசளிப்பு விழாவுக்குப் புறப்பட்டேன். பாலம் தெரியும் முன்னரே நெஞ்சு படபடத்து, பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். "எல்லாற்ற அம்மாமாரும் வந்தவை" என்று மட்டும் மகள் சொன்னாள். அதன் பிறகுதான் உதவி தேடத் தொடங்கினேன்.

முதலில் போன இடத்தில் நாலு பேர் கேட்கும்படி என் கதையைச் சொல்லச் சொன்னார்கள். "பழசை மறந்திட்டுப் பிள்ளையைப் பாருங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னோரிடத்தில் நித்திரைக் குளிசை தந்தார்கள். நித்திரை வந்தது, கெட்ட கனவுகள் போகவில்லை.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்தான், "அக்கா, இதுக்கெண்டே ஒரு சிகிச்சை இருக்கு" என்றார். மனவடுவை மையப்படுத்திய அறிகை நடத்தைச் சிகிச்சை என்பது அதன் பெயர். உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைத்த சிகிச்சைகளுள் இதுவும் ஒன்று. பாலத்தைக் கடக்கத் தேவையில்லாத கிளிநொச்சிக்குப் போய் மனநலக் கிளினிக்கில் கேட்டேன். அங்கிருந்த வைத்தியர், இதில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் என்னை அனுப்பினார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இம்முறை வெறுங்கையோடு போகவில்லை. கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். சகோதரிகளே, நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

• இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா? உங்களை மேற்பார்வை செய்பவர் உண்டா?

• எத்தனை தடவை வரவேண்டும்? (வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 8 முதல் 12 தடவைகள். இழப்புகள் பல என்றால் கூடலாம்.)

• நடந்ததை எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை யார் தீர்மானிப்பது?

• நான் சொல்வது வேறு யாருக்குத் தெரியவரும்?

• தமிழிலேயே கதைக்கலாமா? பெண் ஒருவர் கிடைப்பாரா?

இவற்றைக் கேட்டதற்காக யாராவது கோபித்தால், அந்த இடம் உங்களுக்கு உகந்ததல்ல.

நடந்தது என்ன?

எனக்குக் கிடைத்த அம்மா எடுத்தவுடன் கதை கேட்கவில்லை. உடம்பு ஏன் இப்படிப் பதறுகிறது என்று விளக்கினார். மூச்சுப் பயிற்சி பழக்கினார். பிறகுதான் அந்த நாளைச் சிறிது சிறிதாகச் சொன்னேன். "அம்மாவை விட்டிட்டு வந்தனான்" என்று அழுதபோது, "அந்த நேரம் உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்தது? அம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டார். அப்போதுதான் நினைவு வந்தது. "பிள்ளையைக் கொண்டு போ" என்று அம்மாதான் என்னைத் தள்ளிவிட்டா. இத்தனை வருடமும் நான் அதை மறந்திருந்தேன்.

பின்னர் பாலத்தின் படத்தைப் பார்த்தேன். அடுத்து, மகளுடன் தூரத்தில் நின்று பார்த்தேன். ஒருநாள் இருவருமாக நடந்து கடந்தோம். கால் நடுங்கியது, ஆனால் திரும்பி ஓடவில்லை.

எங்கே தொடங்கலாம்?

அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்குகளில் கட்டணம் இல்லை. பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இச்சிகிச்சை தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் குறைவுதான்; முதல் இடத்தில் கிடைக்காவிட்டால், யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். குளிசை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

அம்மாவை நினைத்து இன்றும் அழுகிறேன். ஆனால் அவவை விட்டுவிட்டு வந்த குற்றவாளியாக அல்ல, அவ அனுப்பி வைத்த மகளாக.